செயல்மிகு விண்மீன் திரள் மையங்களும் ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர் ஆய்வும்

செயல்மிகு மையம் என்பது, மீப்பெரும் கருந்துளை ஒன்று சுற்றுப்புற வாயுவை விழுங்குவதால் பேரொளியுடன் விளங்கும் விண்மீன் திரளின் நடுப்பகுதி. பல்லாயிரம் கோடி விண்மீன்கள் சேர்ந்து தரும் ஒளிக்கு நிகராகவும், சில வேளை அதைவிடப் பல மடங்காகவும் இம்மையம் ஒளிரும். ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை எல்லா அலைநீளங்களிலும் ஆற்றல் வெளிப்பட்டாலும், கருந்துளைக்கு மிக அருகிலிருந்து வரும் செய்தி எக்ஸ் கதிரில்தான் உள்ளது. பூமியின் வளிமண்டலம் எக்ஸ் கதிரை உறிஞ்சிவிடுவதால் இதை விண்வெளியிலிருந்தே அளக்க வேண்டும். இந்தியாவின் முதல் வானியல் ஆய்வகச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட், 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இம்மையங்களின் எக்ஸ் கதிரையும் புற ஊதா ஒளியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது இத்துறைக்கு அதன் முக்கியப் பங்களிப்பு.

செயல்மிகு மையத்தின் இயல்பு

நடுவிலுள்ள கருந்துளையின் நிறை, சூரியனைப் போல் சில லட்சம் மடங்கிலிருந்து பல நூறு கோடி மடங்கு வரை இருக்கும். அதை நோக்கி வரும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுழற்சியின் காரணமாகத் தட்டையான வட்டாகப் படிந்து, உராய்ந்து சூடேறி, படிப்படியாக உள்நோக்கி நகர்கிறது. இந்தச் சுழல்வட்டில் ஈர்ப்பு ஆற்றல் ஒளியாக மாறுகிறது. ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் நிறையின் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாகும். சுழலாத கருந்துளையைச் சுற்றிய வட்டில் இது சுமார் 6 விழுக்காடு. உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையில் கோட்பாட்டளவில் 42 விழுக்காடு வரை செல்லும். விண்மீன்களை மிஞ்சும் ஒளி மிகச் சிறிய இடத்திலிருந்து வரக் காரணம் இதுவே.

இத்தகைய மையங்களை முதலில் தொகுத்துக் காட்டியவர் அமெரிக்க வானியலாளர் கார்ல் சைஃபர்ட். 1943இல் அவர் விவரித்த வகை இன்று சைஃபர்ட் திரள்கள் எனப்படுகிறது. 1963இல் மார்ட்டின் ஷ்மிட், 3சி 273 என்ற விண்மீன் போன்ற பொருளின் நிறமாலையில் 0.158 அளவு செம்பெயர்ச்சியைக் கண்டார். பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்தும் சிறிய தொலைநோக்கிக்குத் தெரியும் ஒளி அது. குவாசர் என்ற வகை இப்படி அறிமுகமானது. மையத்திலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் தாரை நம்மை நோக்கி அமைந்திருந்தால் அது பிளேசர். ஒரே வகை எந்திரத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து பார்ப்பதால்தான் இப்பிரிவுகளுள் பல தோன்றுகின்றன என்பது 1980களிலும் 1990களிலும் உருவான ஒருங்கிணைப்புக் கோட்பாடு. பக்கவாட்டில் பார்க்கும்போது, மையத்தைச் சூழ்ந்த தூசும் வாயுவும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மறைக்கும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எக்ஸ் கதிர் பெரும்பாலும் அத்திரையைத் துளைத்து வந்துவிடும்.

எக்ஸ் கதிர் பிறக்கும் இடம்

கருந்துளை பெரிதாக ஆக, அதன் வட்டு ஒப்பளவில் குளிர்ந்திருக்கும். சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் வட்டு ஏறத்தாழ 1 கோடி பாகை வெப்பத்தில் எக்ஸ் கதிரையே வீசும். 10 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளையின் வட்டு சுமார் 1 லட்சம் பாகையில் புற ஊதா ஒளியை வீசுகிறது. அப்படியானால் விண்மீன் திரள் மையங்களில் காணும் வலுவான எக்ஸ் கதிர் வட்டிலிருந்து நேரடியாக வந்திருக்க முடியாது.

விடையாக இன்று ஏற்கப்படுவது கொரோனா. கருந்துளைக்கு அருகே, வட்டின் மேலோ உள்விளிம்பிலோ, பல கோடி முதல் நூறு கோடி பாகை வரை சூடேறிய எலக்ட்ரான்களின் பகுதி ஒன்று உள்ளது. வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதா ஃபோட்டான்கள் இந்த எலக்ட்ரான்கள் மீது மோதி, ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் பெற்று எக்ஸ் கதிராக வெளியேறுகின்றன. இது காம்ப்டன் சிதறலின் எதிர்த்திசை நிகழ்வு. எஃப். ஹார்ட், எல். மராஸ்கி இருவரும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த விளக்கத்துக்குக் கணித வடிவம் தந்தன. இதன்படி எக்ஸ் கதிரின் வித்து புற ஊதாவில் இருக்கிறது. ஒன்றை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒன்றை இன்றும் மற்றொன்றைப் பல நாள் கழித்தும் அளந்தாலும் பயன் குறைவு, ஏனெனில் இரண்டும் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும்.

தாரை வலுவான பிளேசர்களில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான எக்ஸ் கதிர் தாரையிலிருந்து பிறக்கிறது. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் சின்க்ரோட்ரான் கதிராக அதை வெளியிடுகின்றன. வேறு சில பிளேசர்களில், அதே எலக்ட்ரான்கள் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை மேலேற்றி எக்ஸ் கதிராக்குகின்றன.

நிறமாலையின் உறுப்புகள்

செயல்மிகு மையத்தின் எக்ஸ் கதிர் நிறமாலை பல அடுக்குகளைக் கொண்டது. ஆய்வாளர் வேலையில் பெரும்பகுதி அவற்றைப் பிரித்தெடுப்பதுதான்.

முதல் உறுப்பு அடுக்கு விதித் தொடர். ஆற்றல் கூடக் கூட ஃபோட்டான் எண்ணிக்கை ஒரே சீராகக் குறையும். அச்சரிவைக் குறிக்கும் எண் பொதுவாக 1.7க்கும் 2க்கும் இடையில் இருக்கும். கொரோனாவின் வெப்பத்தைப் பொறுத்து, பல பத்து முதல் சில நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தொடர் மடங்கி விழும். அந்த மடிப்பே கொரோனாவின் வெப்பமானி.

இரண்டாவது, 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தோன்றும் இரும்புக் கோடு. கொரோனாவின் கதிர் வட்டின் மேல் விழும்போது அங்குள்ள இரும்பு அணுக்கள் இந்த ஆற்றலில் ஒளிர்கின்றன. வட்டின் உட்பகுதியில் வாயு ஒளிவேகத்தில் கணிசமான பங்கு வேகத்துடன் சுழல்வதாலும், ஈர்ப்பு ஃபோட்டானின் ஆற்றலைக் குறைப்பதாலும் கோடு அகன்று, குறைந்த ஆற்றல் பக்கம் நீண்ட வால் போலச் சரியும். ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் கொண்டு யசுவோ தனாகாவும் குழுவினரும் 1995இல் எம்சிஜி–6-30-15 என்ற சைஃபர்ட் திரளில் இதைக் காட்டினர். கோடு எவ்வளவு அகல்கிறது என்பதிலிருந்து கருந்துளையின் சுழற்சியை மதிப்பிடும் முறை இதிலிருந்து வளர்ந்தது. வட்டில் பட்டுச் சிதறிய கதிர், 20 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு மேடாகவும் தெரியும்.

மூன்றாவது மென் மிகை. 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே, அடுக்கு விதி எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகக் கதிர் வருவதை 1985இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அவற்றுள் ஒன்றில் முதன்மையானவர் இந்திய வானியலாளர் கே. பி. சிங். பின்னாளில் ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிப் பணிக்கும் அவரே தலைமை ஏற்றார். மென் மிகையின் தோற்றம் இன்னும் முடிவாகவில்லை. குளிர்ந்த, அடர்ந்த இரண்டாவது கொரோனாவின் விளைவு என்பது ஒரு தரப்பு. வட்டில் பட்டுத் திரும்பிய கதிர் மங்கலாகிப் பரவியது என்பது மறு தரப்பு. கருந்துளையின் நிறை எவ்வளவு வேறுபட்டாலும் மென் மிகையின் வெப்ப அளவு ஏறத்தாழ ஒன்றாகவே தெரிவது, வட்டின் நேரடி ஒளி என்ற எளிய விளக்கத்துக்கு இடையூறு.

இவற்றோடு உறிஞ்சல் கோடுகளும் உண்டு. மையத்திலிருந்து வெளிநோக்கி வீசும் வாயு, சில திரள்களில் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. 2023இல் ஏவப்பட்ட ஜப்பானின் எக்ஸ்ரிசம், பிடிஎஸ் 456 என்ற குவாசரில் இக்காற்று சீரான ஓட்டமாக இல்லாமல் வெவ்வேறு வேகம் கொண்ட கட்டிகளாக வருவதைக் காட்டியது.

நேர மாற்றமே அளவுகோல்

நிகழ்வு எல்லைத் தொலைநோக்கி எம்87 திரளின் கருந்துளையை 2019இலும், நமது பால்வழியின் மையத்தை 2022இலும் ரேடியோ அலையில் படம்பிடித்துக் காட்டியது. மற்ற மையங்கள் அனைத்தும் மிகத் தொலைவில் புள்ளியாகவே தெரிவதால், அவற்றின் உள்ளமைப்பை நேர மாற்றத்திலிருந்துதான் அறிய வேண்டும். ஒரு பொருளின் ஒளி எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, அதைவிட நீண்ட நேரம் ஒளி பயணிக்கும் அகலம் அதற்கு இருக்க முடியாது. சூரியனைப் போல் 10 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளையின் ஆரம் ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க சுமார் 16 நிமிடம் ஆகும். பல சைஃபர்ட் திரள்களின் எக்ஸ் கதிர் சில நிமிடம் முதல் சில மணிக்குள் மாறுவதால், கொரோனா கருந்துளையின் ஆரத்தைப் போல் சில மடங்கு தொலைவுக்குள் ஒட்டியிருக்கிறது என்று தெரிகிறது. தொலைதூரக் குவாசர்களின் ஒளியை இடையிலுள்ள விண்மீன்கள் வளைத்துக் குவிக்கும் நுண்வில்லை விளைவும் இதே முடிவைத் தருகிறது.

இன்னொரு முறை எதிரொலி. கொரோனாவின் நேரடிக் கதிர் முதலில் வந்துசேரும், வட்டில் பட்டுத் திரும்பிய கதிர் சற்றுப் பின்தங்கும். 2009இல் 1எச்0707–495 என்ற திரளில் சுமார் 30 நொடித் தாமதம் அளக்கப்பட்டது. வட்டின் வெளிப்பகுதி நாள்கணக்கில் தாமதமாக மாறுவதைப் புற ஊதாவிலும் ஒளியிலும் பின்தொடர்ந்து, வட்டின் அளவை மதிப்பிடலாம்.

கொரோனா நிலையானதும் அல்ல. 1ஈஎஸ் 1927+654 என்ற மையத்தில் 2017இன் இறுதியில் ஒளி வெடித்தது. 2018இல் அதன் எக்ஸ் கதிர் சில வாரங்களில் ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கியது. சில மாதங்களுக்குள் அது மீண்டும் எழுந்தது. கொரோனா அழிந்து மறுபடி உருவானதாக ஆய்வாளர்கள் இதை விளக்குகின்றனர்.

முன்வரலாறு

எக்ஸ் கதிர் வானியலின் தொடக்கம் 1962 ஜூன் 18. நிலாவின் எக்ஸ் கதிரைத் தேடி நியூ மெக்சிகோவில் ஏவப்பட்ட ராக்கெட்டில், ரிக்கார்டோ ஜியாகோனியின் குழு ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்–1 என்ற ஆற்றல்மிகு மூலத்தையும் வானெங்கும் பரவிய எக்ஸ் கதிர்ப் பின்னணியையும் கண்டது. ஜியாகோனி 2002இல் நோபல் பரிசு பெற்றார். 1960களின் நடுவில் எம்87 திரளும், 1970இல் 3சி 273 குவாசரும் ராக்கெட் கருவிகளில் எக்ஸ் கதிர் மூலங்களாகப் பதிவாயின. 1970 டிசம்பர் 12இல் கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்ட ஊஹூரு செயற்கைக்கோள், என்ஜிசி 4151 உள்ளிட்ட செயல்மிகு திரள்களைப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனின் ஏரியல்–5, 1970களின் இறுதியில் சைஃபர்ட் திரள்கள் பொதுவாகவே எக்ஸ் கதிர் மூலங்கள் என்று நிறுவியது.

பரவிய பின்னணியின் புதிர் தீர்ந்தது 1999இல் ஏவப்பட்ட சந்திரா ஆய்வகத்தால். அதன் ஆழ்ந்த படங்கள், பின்னணி என்று கருதியதில் பெரும்பகுதி, தனித்தனியே பிரிக்க முடியாதிருந்த செயல்மிகு மையங்களின் கூட்டொளி எனக் காட்டின. தெற்குப் புலம் ஒன்றை மட்டும் சந்திரா மொத்தம் 70 லட்சம் நொடிகள் நோக்கியது. சந்திரா தன் குவியத்தைச் சரிசெய்யப் பார்த்த முதல் இலக்குகளில் பிகேஎஸ் 0637–752 என்ற குவாசரும் ஒன்று. அதிலேயே பல லட்சம் ஒளியாண்டு நீளும் எக்ஸ் கதிர்த் தாரை எதிர்பாராமல் அகப்பட்டது.

இந்திய முயற்சிகள்

தும்பா ராக்கெட் தளம் 1963 நவம்பர் 21இல் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் எக்ஸ் கதிர் வானியல் வேர்விட்டது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் தும்பா ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்திலிருந்து பறக்கவிட்ட பலூன்களில் 1968இல் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்–1ஐ நோக்கியது. பலூன் எட்டும் சுமார் 40 கிலோமீட்டர் உயரத்தில் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட வன் எக்ஸ் கதிரை மட்டுமே பிடிக்க முடியும். 1975 ஏப்ரல் 19இல் ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோளிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. மின்வழங்கல் கோளாறால் அறிவியல் கருவிகள் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டன. 1996 மார்ச் 21இல் பறந்த ஐ.ஆர்.எஸ்.–பி3 செயற்கைக்கோளில் இந்திய எக்ஸ் கதிர் வானியல் சோதனைக் கருவி இணைக்கப்பட்டிருந்தது. ஜிஆர்எஸ் 1915+105 போன்ற, நம் பால்வழியிலுள்ள இரட்டை விண்மீன் அமைப்புகளை அது நன்கு ஆராய்ந்தது. மங்கலான திரள் மையங்களைப் பார்க்கக் குவிக்கும் தொலைநோக்கி வேண்டியிருந்தது. அந்தத் தேவையை நிறைவேற்றியது ஆஸ்ட்ரோசாட்.

ஆஸ்ட்ரோசாட்டின் கருவிகள்

பி.எஸ்.எல்.வி.–சி30 ஏவுகலம், சுமார் 1,515 கிலோ எடையுள்ள ஆஸ்ட்ரோசாட்டை 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்ந்த பாதையில் நிறுத்தியது. சாய்வு குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தென் அட்லாண்டிக் மேலே மின்னூட்டத் துகள்கள் செறிந்த பகுதியில் செயற்கைக்கோள் ஆழ நுழையாமல் இப்பாதை காக்கிறது. உணரிகளில் வீண் சைகைகள் குறைகின்றன.

மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 0.3 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை வேலை செய்கிறது. எக்ஸ் கதிர் சாதாரணக் கண்ணாடியில் பட்டால் ஊடுருவும் அல்லது உறிஞ்சப்படும். தளத்தை மிகச் சாய்வாக உரசிச் சென்றால் மட்டுமே பிரதிபலிக்கும். அதனால் தங்கம் பூசிய 40 மெல்லிய கூம்புத் தகடுகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி, 2 மீட்டர் தொலைவில் கதிரைக் குவிக்கிறார்கள். குவியத்திலுள்ள உணரி பூச்சியத்துக்குக் கீழே சுமார் 80 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்படுகிறது. கண்ணாடிகளை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. உணரிப் பகுதியில் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகம் பங்காற்றியது.

பெரும்பரப்பு செனான் விகிதமுறை எண்ணிகள் மூன்றும் 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை உணரும்படி அமைக்கப்பட்டவை. கதிரைக் குவிக்காமல், பரந்த பரப்பில் விழும் ஃபோட்டான்களை 10 மைக்ரோ நொடித் துல்லியத்துடன் எண்ணுகின்றன. காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணரிகள் கொண்ட படிமக் கருவி 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அப்பாலும் எட்டும். வானைத் தொடர்ந்து அலசும் கண்காணிப்புக் கருவி வெடித்தெழும் மூலங்களைத் தேடுகிறது.

புற ஊதாப் படிமத் தொலைநோக்கி இரட்டைக் குழல் கொண்டது. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். தொலைப் புற ஊதா, அண்மைப் புற ஊதா, கண்ணுக்குப் புலனாகும் ஒளி என மூன்று பட்டைகளில் 1.8 வில்நொடி அளவு தெளிவுடன் படம் எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஹொசகோட்டே வளாகத்திலுள்ள எம்.ஜி.கே. மேனன் ஆய்வகத்தில் இது ஒருங்கிணைக்கப்பட்டது. செயல்மிகு மையத்தைச் சூழ்ந்த விண்மீன்களின் ஒளியை மையத்தின் ஒளியிலிருந்து பிரிக்க இத்தெளிவு உதவுகிறது.

நோக்கீடு நடைபெறும் முறை

ஆய்வாளர் முதலில் இலக்கையும் காரணத்தையும் விளக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வான இலக்கை நோக்கிச் செயற்கைக்கோள் திரும்பியதும், ஒரே அச்சில் பொருத்தப்பட்ட எக்ஸ் கதிர், புற ஊதாக் கருவிகள் ஒன்றாகவே பதிவைத் தொடங்குகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 98 நிமிடம். அதில் ஒரு பகுதி நேரம் பூமி இலக்கை மறைக்கும். ஆகவே ஒளி வரைபடம் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டுதுண்டாகக் கிடைக்கும். தரவு பெங்களூருக்கு அருகே பயலாலுவிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டு, கருவிகளைப் பேணும் மும்பை, பெங்களூர், புணே நிறுவனங்களில் அலசப்படுகிறது. விண்ணப்பித்தவருக்குரிய தனியுரிமைக் காலம் முடிந்ததும் யாரும் அதைப் பெறலாம்.

நிறமாலையை நேரடியாகத் தலைகீழாக்கி மூலத்தை அறிய இயலாது. உணரி ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலையும் சற்றுச் சிதைத்தே பதிவு செய்கிறது. எனவே ஒரு மாதிரியை எடுத்து, உணரியின் பண்புகளுடன் சேர்த்துக் கணித்து, பெற்ற எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். புற ஊதாப் பக்கத்தில் நம் பால்வழியின் தூசு, அத்திரளின் சொந்தத் தூசு, விண்மீன் ஒளி, வாயுவின் ஒளிர்கோடுகள் ஆகியவற்றைக் கழித்த பிறகே வட்டின் உண்மை ஒளி மிஞ்சும்.

முக்கிய முடிவுகள்

மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 2015 அக்டோபர் 26இல் தன் மூடியைத் திறந்து முதலில் நோக்கியது பிகேஎஸ் 2155–304 என்ற பிளேசரை. சுமார் 150 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள அது, எக்ஸ் கதிரில் பிரகாசமாகவும் கருவிகளின் அளவீட்டைச் சோதிக்க ஏற்றதாகவும் இருந்தது.

சைஃபர்ட் திரள்களில் குறிப்பிடத்தக்கது ஐசி 4329ஏ ஆய்வு. செண்டாரஸ் விண்மீன் குழுவின் திசையில், சுமார் 20 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள இத்திரளை ஆஸ்ட்ரோசாட் 2017 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ஐந்து முறை நோக்கியது. புணேயிலுள்ள ஐயுகா வானியல் ஆராய்ச்சி மையத்தின் பிரகாஷ் திரிபாதி, குலாப் தெவாங்கன் உள்ளிட்டோர் 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். வட்டின் புற ஊதா ஒளியும் எக்ஸ் கதிர் நிறமாலையின் சரிவும் மாறுவதை ஒரே நேரப் பதிவுகளில் ஒப்பிட்டு, வட்டின் ஃபோட்டான்களே கொரோனாவில் மேலேற்றப்படும் வித்துகள் என அவர்கள் காட்டினர். கோட்பாடாக முப்பது ஆண்டுகள் பேசப்பட்ட காம்ப்டன் விளக்கத்துக்கு இது ஒரு நேரடிச் சான்று.

ஐயுகா ஆய்வாளர்கள், ஆஸ்ட்ரோசாட்டில் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் தொலைப் புற ஊதாக் கீற்றணிகளைக் கொண்டு பல சைஃபர்ட் வட்டுகளின் நிறமாலையை ஆராய்ந்து வருகின்றனர். சிலவற்றில் வட்டின் உட்பகுதி, பாடநூல் வட்டு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக ஒளிர்கிறது. வட்டு கருந்துளைக்குச் சற்று முன்பே முடிந்து, எஞ்சிய இடத்தில் சூடான கொரோனா நிறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

பிளேசர்களில், 1ஈஎஸ் 1959+650இன் 2016–17 ஆண்டுகளின் தீவிர நிலையை ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்தது. சப்தரிஷி மண்டலத் திசையிலுள்ள மார்க்காரியன் 421 மீண்டும் மீண்டும் நோக்கப்பட்ட இலக்கு. மென் கதிரும் வன் கதிரும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா, ஒன்று பின்தங்குகிறதா என்பதிலிருந்து தாரைக்குள் எலக்ட்ரான்கள் எவ்வாறு முடுக்கப்படுகின்றன, எவ்வளவு வேகத்தில் ஆற்றலை இழக்கின்றன என்பதை மதிப்பிடலாம்.

வரம்புகள்

குவிக்காத செனான் எண்ணிகள் பிரகாசமான இரட்டை விண்மீன் அமைப்புகளுக்கு மிக ஏற்றவை. செயல்மிகு மையங்களில் பெரும்பாலானவற்றின் சைகையோ கருவியின் பின்னணி எண்ணிக்கையைவிடக் குறைவு. பின்னணியை மிகத் துல்லியமாகக் கணித்துக் கழித்தாலொழிய வன் எக்ஸ் கதிர் முடிவுகளை நம்ப இயலாது. இதனால் பல ஆய்வுகள் மென் எக்ஸ் கதிரையும் புற ஊதாவையும் முதன்மையாகக் கொண்டு, வன் பகுதிக்கு 2012இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் நுஸ்டார் தரவையும் துணைக்கொள்கின்றன.

விண்வெளியில் பழுதுபார்க்க வழியில்லை. வாயுக் கசிவுக்குள்ளான மூன்றாவது செனான் எண்ணி 2018இல் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. அண்மைப் புற ஊதாப் பட்டையும் அதே ஆண்டில் செயலிழந்தது. தொலைப் புற ஊதாவும் மென் எக்ஸ் கதிரும் தொடர்ந்ததால் ஒரே நேர ஆய்வு நிற்கவில்லை. ஐந்தாண்டு ஆயுளுக்குத் திட்டமிட்ட ஆஸ்ட்ரோசாட் அக்காலத்தைக் கடந்தும் இயங்கியது.

தளவிளைவு அளவீடு

கொரோனாவின் வடிவம் நிறமாலையிலிருந்து மட்டும் உறுதியாகத் தெரிவதில்லை. கருந்துளைக்கு மேலே தொங்கும் சிறு உருண்டை, வட்டின்மேல் விரிந்த அடுக்கு என்ற இரு அமைப்புகளும் ஒரே நிறமாலையைத் தரக்கூடும். கதிரின் தளவிளைவு, அதாவது அதன் அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பது, இவற்றைப் பிரித்தறிய உதவும். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐக்ஸ்பி செயற்கைக்கோள், என்ஜிசி 4151இல் சுமார் 5 விழுக்காடு தளவிளைவைக் கண்டது. அதன் திசை ரேடியோ தாரைக்கு இணையாக அமைந்ததால், கொரோனா வட்டின் தளத்தை ஒட்டி விரிந்திருப்பது பொருத்தமாகிறது. மார்க்காரியன் 501 பிளேசரில் 2022இல் கிடைத்த சுமார் 10 விழுக்காடு அளவு, தாரையில் அதிர்ச்சி அலைகள் எலக்ட்ரான்களை முடுக்குவதற்குச் சான்றானது.

இந்தியாவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள், 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி.–சி58இல் ஏவப்பட்டது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய போலிக்ஸ் கருவி 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை தளவிளைவை அளக்கிறது. ஐக்ஸ்பியின் வரம்பு 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முடிவதால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. போலிக்ஸின் முதன்மை இலக்குகள் பால்வழியிலுள்ள பிரகாசமான மூலங்களே.

தமிழ்நாட்டுத் தொடர்பு

சந்திரா ஆய்வகம் பெயர் தாங்கும் சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். 1983இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதே ஆண்டில் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு குறித்த பெருநூலையும் வெளியிட்டார்.

நீலகிரியில் முத்தோரைக்கு அருகே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் இயங்கத் தொடங்கியது. நிலா மறைக்கும் கணத்தைப் பயன்படுத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களின் அளவை அது கண்டறிந்தது. அவற்றுள் மிகப் பல செயல்மிகு மையங்களின் தாரைகளால் உருவானவை. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதலும், 1.3 மீட்டர் தொலைநோக்கி 2014 முதலும் செயல்படுகின்றன. செயற்கைக்கோள் எக்ஸ் கதிரை அளக்கும் காலத்தில் அதே மையத்தின் புலனாகும் ஒளியைத் தரையிலிருந்து தொடர இத்தகைய தொலைநோக்கிகள் தேவை. பெரிய ஆய்வகங்களின் நேரம் பல இலக்குகளுக்குப் பகிரப்படுவதால், ஒரே மூலத்தை மாதக்கணக்கில் விடாமல் பார்க்கும் பணிக்குச் சிறு தொலைநோக்கிகளே பெரிதும் கைகொடுக்கின்றன.

தீராத கேள்விகள்

கொரோனாவை இவ்வளவு வெப்பத்தில் வைத்திருப்பது எது என்பது முதல் கேள்வி. ஃபோட்டான்களுக்கு ஆற்றலை வாரி வழங்கும் எலக்ட்ரான்கள் விரைவில் குளிர்ந்துவிட வேண்டும். காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதால் தொடர்ந்து சூடேறுகின்றன என்பது பரவலான கருத்து, ஆனால் நேரடிச் சான்று இல்லை. மென் மிகையின் தோற்றம் இரண்டாவது கேள்வி. வட்டு எங்கே முடிந்து கொரோனா எங்கே தொடங்குகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவான தேவை, 0.01 முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை இடைவெளியின்றி, ஒரே கணத்தில், நீண்ட நாள் தொடர்ந்து பார்க்கும் பதிவு. இப்பரப்பின் நடுவே, தொலைப் புற ஊதாவுக்கும் மென் எக்ஸ் கதிருக்கும் இடைப்பட்ட பகுதியை நம் பால்வழியின் ஹைட்ரஜனே உறிஞ்சிவிடுகிறது. எந்தக் கருவியாலும் அதை நேரடியாகப் பார்க்க இயலாது. இருபுற விளிம்புகளையும் ஒரே நேரத்தில் அளந்து இடைப்பகுதியைக் கணிப்பதுதான் ஒரே வழி. ஆஸ்ட்ரோசாட்டின் பழைய பதிவுகள் இதற்காகவே தொடர்ந்து மறுஆய்வுக்கு எடுக்கப்படுகின்றன.